குவாப்பெல்: பெரிய பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஆறு

கனடாவின் சஸ்காட்செவன் மாகாண வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்ட கேள்வி இது: "குவாப்பெல் என்று ஓர் ஆறு இருக்கிறது. பள்ளத்தாக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் அகலம். ஆறோ நூல் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. இந்த ஆறா இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியது? வழியில் ஏன் இத்தனை நீள நீளமான ஏரிகள்? ஆறு தொடங்குவதே ஓர் அணையிலிருந்து என்று காட்டுகிறதே, அது எப்படி?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இல்லை, இந்த ஆறு அதைத் தோண்டவில்லை. பள்ளத்தாக்கு ஆற்றை விடப் பழையது. அதைத் தோண்டியது வேறு தண்ணீர். அந்தத் தண்ணீர் வடிந்துபோன பிறகு, காலியான பள்ளத்தில் குடிவந்ததுதான் இப்போதைய குவாப்பெல். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வழி தானாகத் திறக்கும். ஆறு ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, ஏன் சில வசந்தங்களில் பின்பக்கமாக ஓடுகிறது, ஏரிகள் ஏன் கோடையில் பச்சையாகின்றன என்பதெல்லாம்கூட அதிலிருந்தே வருகிறது.

மாகாணத் தலைநகரான ரெஜைனாவில் இருந்த வருடங்களில் இந்த ஆற்றின் பின்னாலேயே நிறைய அலைந்திருக்கிறேன். ஊரிலிருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே கிளம்பினால் முதல் முப்பது கிலோமீட்டருக்குக் கண்ணில் ஒரு மேடு படாது. ஒரு காலத்தில் பனிப்பாறை உருகித் தேங்கிய பெரிய ஏரியின் அடித்தளம் அது. மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் களிமண். கோதுமை, கனோலா, பருப்பு வகைகள் எல்லாம் விளையும். நம் சமையலறைக்கு வரும் மைசூர் பருப்பில் கணிசமான பங்கு இந்த மாகாணத்து வயல்களில் விளைந்ததுதான். அப்படித் தட்டையாகவே போய்க்கொண்டிருக்கும்போது, லம்ஸ்டன் ஊருக்குச் சற்று முன்னால் சாலை சட்டென்று கீழே இறங்கும். இரண்டு பக்கமும் மலை எழுந்த மாதிரி இருக்கும். உண்மையில் எதுவும் எழவில்லை, நீங்கள்தான் இறங்கியிருக்கிறீர்கள். பள்ளத்தாக்கின் விளிம்பு சுற்றிலும் உள்ள சமவெளியின் மட்டத்திலேயே இருக்கிறது. சில இடங்களில் ஆழம் நூறு மீட்டரைத் தாண்டும்.

கீழே போய் நின்று பாருங்கள். வடக்கு பார்த்த சரிவில் ஆஸ்பென் மரமும் புதரும் அடர்ந்திருக்கும். எதிரே தெற்கு பார்த்த சரிவில் வெறும் புல், நடுநடுவே தரையோடு ஒட்டிய சின்னச் சப்பாத்திக்கள்ளி. இரண்டுக்கும் இடையே தூரம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மழையும் ஒரே அளவு. வித்தியாசம் வெயிலில்தான். தெற்கு பார்த்த சரிவில் சூரியன் நேராக விழுந்து ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. வடக்கு பார்த்த பக்கம் பனி மெதுவாக உருகி மண்ணில் இறங்குகிறது. ஆண்டுக்கு நானூறு மில்லிமீட்டருக்கும் குறைவாக மழையும் பனியும் பெறும் ஊரில் இந்தச் சின்ன வித்தியாசமே காட்டுக்கும் புல்வெளிக்கும் எல்லை போட்டுவிடும்.

நடுவில் ஆறு. பல இடங்களில் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கல்லெறிந்துவிடலாம். அகலமான தட்டைத் தரையில் பாம்பு மாதிரி நெளிந்து போகும். பக்கத்திலேயே அது கைவிட்ட பழைய வளைவுகள் குட்டைகளாகக் கிடக்கும். இப்படிப் பள்ளத்தாக்கின் அளவோடு பொருந்தாத ஆற்றைப் புவியியலில் "பொருந்தா ஆறு" என்பார்கள். உலகில் இதற்கு உதாரணம் தேடினால் குவாப்பெல்லை முதல் வரிசையில் வைக்கலாம்.

சரி, தோண்டியது யார்? கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதி முழுவதும் தடித்த பனிப்பாளத்தின் அடியில் இருந்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாளம் வடகிழக்கு நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு சிக்கல். இந்தச் சமவெளியின் பொதுவான சாய்வும் வடகிழக்கு நோக்கித்தான். தண்ணீர் போக விரும்பும் திசையில் பனிச்சுவர் நிற்கிறது. அதனால் உருகிய நீரும், மேற்கே ராக்கி மலையிலிருந்து வந்த நீரும் பனியின் விளிம்பில் முட்டித் தேங்கிப் பெரிய ஏரிகளாயின. அவை நிரம்பி வழிந்தபோது, பனி விளிம்பை ஒட்டியே கிழக்கும் தென்கிழக்குமாக வழி வெட்டிக்கொண்டு ஓடின. அந்த வடிகால்தான் குவாப்பெல் பள்ளத்தாக்கு. அன்று அதில் ஓடிய வெள்ளத்துக்கு இன்றைய ஆறு ஒரு வாய்க்கால் அளவுகூட இல்லை. பனி இன்னும் வடக்கே விலகியதும் தண்ணீருக்கு வேறு வழி திறந்தது. இந்த வழி வறண்டது.

அந்த மாற்றம் நடந்த இடத்தை இன்றும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். தெற்கு சஸ்காட்செவன் ஆறு மேற்கிலிருந்து வந்து, எல்போ என்ற ஊரின் பக்கம் திடீரென்று வடக்கே திரும்புகிறது. எல்போ என்றால் முழங்கை. பெயரே அந்த வளைவுக்காக வைத்ததுதான். ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர் திரும்பாமல் நேராகக் குவாப்பெல் வழியே போனது. திரும்பிய பிறகு, பழைய வாசலை மணலும் வண்டலும் மூடின. அங்கே இன்றும் மணல்மேடுகள் இருக்கின்றன. ஆனால் அடைப்பு உயரமானதல்ல. இரண்டு ஆறுகளுக்கும் இடையே நீர்பிரி, அதாவது தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரியும் மேடு, எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாத அளவுக்குத் தாழ்வு.

1858இல் கனடா அரசின் ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கி வந்த ஹென்றி யூல் ஹிண்ட் இதைக் கவனித்துவிட்டார். முழங்கையில் ஓர் அணை கட்டினால் தெற்கு சஸ்காட்செவன் தண்ணீரை மறுபடி குவாப்பெல்லுக்குள் திருப்பலாம், நீராவிப் படகு விடலாம் என்று எழுதினார். படகு வரவில்லை. நூறு ஆண்டு கழித்து அணை வந்தது. 1959இல் தொடங்கி 1967இல் முடிந்தது கார்டினர் அணை: 64 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர் நீளம், முழுக்க மண். அதற்குப் பின்னால் தேங்கிய டீஃபன்பேக்கர் ஏரி 225 கிலோமீட்டர் நீளம். இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர் கட்டினால் போதவில்லை. தண்ணீர் மட்டம் ஏறியதும் பழைய வாசல் வழியாகக் குவாப்பெல் பக்கம் வழிந்துவிடும். அதை அடைக்க அந்தப் பக்கமும் ஓர் அணை கட்டினார்கள். அதுதான் குவாப்பெல் ஆற்று அணை. அதில் உள்ள மதகு வழியாக அளந்து விடும் தண்ணீர்தான் இன்று ஆற்றின் தொடக்கம். பனிச்சுவர் வழியை மறித்த காலத்தில் இயற்கை செய்ததை, இப்போது மதகைத் திறந்து கொஞ்சமாகச் செய்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ராக்கி மலையில் உருகிய இரண்டு துளிகள் டீஃபன்பேக்கர் ஏரிக்குள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கார்டினர் அணை வழியாக வடக்கே சாஸ்கட்டூன் நகரைக் கடந்து, சஸ்காட்செவன் ஆற்றோடு போய் வினிப்பெக் ஏரியின் வடபகுதியில் விழும். இன்னொன்று குவாப்பெல் மதகு வழியாகக் கிழக்கே போய், அசினிபோயின் ஆற்றில் கலந்து, வினிப்பெக் நகரில் செந்நிற ஆறு எனப்படும் ரெட் ரிவரில் சேர்ந்து, அதே ஏரியின் தென்முனையில் விழும். பிறகு இரண்டும் நெல்சன் ஆறு வழியாக ஹட்சன் விரிகுடாவுக்கு.

அந்த வாசலில் மூழ்கிப்போன ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுத்திருக்கும் காட்டெருமை போன்ற வடிவத்தில் ஏறத்தாழ 400 டன் எடையுள்ள ஒரு பாறை அங்கே இருந்தது. பனிப்பாளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து விட்டுப்போன கல். பூர்வகுடிகளான க்ரீ மக்கள் அதை மிஸ்டசினி, அதாவது பெருங்கல், என்று அழைத்தார்கள். அவர்களுக்கு அது வழிபாட்டு இடம். ஏரி நிரம்பினால் மூழ்கும் என்று தெரிந்ததும் அதை நகர்த்திக் காப்பாற்றச் சிலர் முயன்றார்கள், நடக்கவில்லை. 1966இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உடைந்த துண்டுகளில் சில எல்போ ஊரின் கரையில் ஒரு நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. அணை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ரெஜைனாவில் நான் குடித்த தண்ணீரே அதன் தயவுதான். ஆனால் அந்தக் கல்லை உடைத்த முடிவு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது ஏரிகள். மேற்கிலிருந்து வந்தால் பஃபலோ பவுண்ட். பிறகு ஃபோர்ட் குவாப்பெல் ஊரை ஒட்டி வரிசையாகப் பாஸ்க்வா, எக்கோ, மிஷன், கடெப்வா. இன்னும் கிழக்கே க்ரூக்கட், ரவுண்ட். எல்லாமே பள்ளத்தாக்கின் அகலத்துக்கு, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நிரம்பி நிற்கும். இவற்றுக்கு அணை போட்டவை பக்கத்து ஓடைகள். பெருவெள்ளம் நின்றபின் பள்ளத்தாக்கின் சரிவுகளில் சின்ன ஓடைகள் வெட்டிக்கொண்டு இறங்கின. செங்குத்தாக இறங்கும் ஓடை மண்ணை வாரிக்கொண்டு வரும். தட்டையான தரைக்கு வந்ததும் வேகம் போய், மண்ணை விசிறி வடிவில் கொட்டும். பெரிய ஆறாக இருந்தால் அந்த விசிறியை அடித்துக்கொண்டு போயிருக்கும். குவாப்பெல்லுக்கு அந்தத் தெம்பு இல்லை. விசிறிகள் வளர்ந்து வளர்ந்து பள்ளத்தாக்கின் குறுக்கே கரை போட்டுவிட்டன. அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியானது. ஃபோர்ட் குவாப்பெல் ஊரே எக்கோ ஏரிக்கும் மிஷன் ஏரிக்கும் நடுவில் இப்படிக் குவிந்த மண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எக்கோவும் கடெப்வாவும் 20 மீட்டருக்கு மேல் ஆழமுள்ளவை. பஃபலோ பவுண்ட் நேர்மாறு. 30 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம், ஆனால் சராசரி ஆழம் 3 மீட்டர் அளவுதான்.

ஆற்றின் சாய்வு மிகக் குறைவு என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால், பனி உருகும் ஏப்ரலில் க்ரேவன் ஊருக்குப் போங்கள். அங்கே வடக்கிலிருந்து லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடிகால் ஓடை வந்து குவாப்பெல்லில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் ஏரியிலிருந்து ஆற்றுக்குத்தான் ஓட்டம். ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்தால் ஆற்று மட்டம் ஏரி மட்டத்தைத் தாண்டிவிடும். தண்ணீர் ஓடையில் எதிர்த்திசையில் ஏறி ஏரிக்குள் போகும். ஒரு வசந்தத்தில் அந்த ஓடையின் கரையில் நின்று ஒரு காய்ந்த நாணல் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியைப் பார்த்து நிதானமாக மிதந்து போனது. ஐந்து நிமிடம் பார்த்த பிறகும் மனம் நம்ப மறுத்தது. லம்ஸ்டன் ஊருக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு இது பெரிய உதவி. வெள்ளத்தின் ஒரு பகுதியை ஏரி வாங்கிக்கொள்கிறது. இப்போது க்ரேவனில் மதகு கட்டி இதை ஓரளவு கட்டுப்படுத்துகிறார்கள். மேற்கே மூஸ் ஜா ஆற்றிலும் இதே கதை நடக்கும். அது பஃபலோ பவுண்டுக்குக் கீழே சேரும் ஆறு, ஆனால் வெள்ளத்தில் அதன் தண்ணீர் பின்னோக்கி ஏரிக்குள் ஏறப் பார்க்கும். அந்த லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடமுனையில்தான் 1887இல் வட அமெரிக்காவின் முதல் மத்திய அரசுப் பறவைகள் சரணாலயம் அமைந்தது. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் கொக்குகள் இறங்கும்.

இந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர். அவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு சின்ன ஆறு ஏன்? பனிப்பாளம் விட்டுப்போன நிலம் மேடும் குழியுமானது. பெய்த மழையும் உருகிய பனியும் இலட்சக்கணக்கான சின்னக் குட்டைகளில் தேங்கி, அங்கேயே ஆவியாகிவிடும் அல்லது மண்ணில் இறங்கிவிடும். சாதாரண ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்திலிருந்து ஒரு சொட்டுகூட ஆற்றுக்கு வந்து சேராது. இந்த ஊர் நீரியலாளர்கள் இதை "பங்களிக்காத பகுதி" என்று தனியாகக் கணக்கு வைக்கிறார்கள். அப்புறம், வரும் தண்ணீரிலும் பெரும்பங்கு வருவது பனி உருகும் அந்தச் சில வாரங்களில். மண் இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் உள்ளே இறங்க முடியாமல் மேலேயே ஓடும். குட்டைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்த ஆண்டாக இருந்தால் பங்களிக்காத நிலமும் பங்களிக்கத் தொடங்கும். 1974இல் அப்படித்தான் ஆனது. லம்ஸ்டன் மக்கள் இரவும் பகலும் மண்மூட்டை அடுக்கி ஊரைக் காப்பாற்றினார்கள். இன்று ஊரைச் சுற்றி நிற்கும் கரைகள் அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்தவை. 2011இலும் வெள்ளம் கடுமையாக இருந்தது.

குடிநீர்க் கதையை இங்கே சேர்த்துச் சொன்னால்தான் ஆறு முழுதாகப் புரியும். பஃபலோ பவுண்ட் ஏரியிலிருந்து 1955 முதல் ரெஜைனாவுக்கும் மூஸ் ஜா நகருக்கும் குடிநீர் போகிறது. மாகாண மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதைக் குடிக்கிறார்கள். ரெஜைனா பயன்படுத்திய பிறகு, சுத்திகரித்த கழிவுநீர் வஸ்கானா ஓடையில் விழுகிறது. வஸ்கானா லம்ஸ்டன் அருகே குவாப்பெல்லில் சேர்கிறது. ஆக, குழாயில் ஏறி ஊருக்குப் போன தண்ணீர் சுற்றிக்கொண்டு அதே ஆற்றுக்குக் கீழே வந்துவிடுகிறது, கூடவே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொண்டு. வேகமான ஆறாக இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே அடுத்த நிறுத்தம் பாஸ்க்வா ஏரி; தண்ணீர் அங்கே தேங்கி நிற்கும். ஆகஸ்டில் கரையோரம் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போல் பாசி படரும். நாயைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று பலகை வைப்பார்கள். ஏரியின் அடி வண்டலை ஆராய்ந்தவர்கள், குடியேற்றத்துக்கு முன்பே இந்த ஏரிகளில் சத்து அதிகம், பாசியும் இயல்புதான் என்று கண்டிருக்கிறார்கள். வயல் உரமும் நகரக் கழிவும் அதை மோசமாக்கின. 1970களில் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்கத் தொடங்கினார்கள். நைட்ரஜனை நீக்கும் ஏற்பாடு சமீபத்தில்தான் வந்தது. இவ்வளவு தாமதம் கீழே வாழ்கிறவர்களுக்குச் செய்த அநியாயம் என்பதே என் கருத்து.

கீழே வாழ்கிறவர்கள் என்று சொன்னேன். முக்கியமாகப் பூர்வகுடி மக்கள். ஆற்றின் பெயரே க்ரீ மொழியிலிருந்து வந்தது: "கூப்பிடும் ஆறு". பள்ளத்தாக்கில் ஒரு குரல் மேலும் கீழும் அலைவதாக அவர்கள் சொன்னதை 1804இல் டேனியல் ஹார்மன் என்ற தோல் வணிகர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சு வணிகர்கள் அதை "யார் கூப்பிடுகிறது?" என்று தங்கள் மொழியில் மாற்றினார்கள், அதுதான் குவாப்பெல். கடெப்வா ஏரியின் பெயரில் மூலச்சொல்லே தங்கியிருக்கிறது. 1874 செப்டம்பர் 15 அன்று ஃபோர்ட் குவாப்பெல்லில் க்ரீ, சோட்டோ தலைவர்களோடு அரசு நான்காம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதன்படி ஒதுக்கிய நிலங்களில் பல இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. 1940களில் எக்கோ, க்ரூக்கட், ரவுண்ட் ஏரிகளின் வாயில் அரசு தடுப்பணைகள் கட்டி மட்டத்தை உயர்த்தியபோது, மூழ்கியது இவர்கள் புல் அறுத்துவந்த தாழ்நிலம். முறையான சம்மதம் வாங்கவில்லை. தட்டையான தரையில் மட்டம் அரை மீட்டர் ஏறினாலே எவ்வளவு தூரம் தண்ணீர் பரவும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கும் இழப்பீட்டுப் பேச்சும் பல பத்தாண்டுகள் இழுத்தன. மிஷன் ஏரிக்கரையில் லெப்ரெட்டிலும், க்ரூக்கட் ஏரியின் பக்கம் மரீவாலிலும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகள் இருந்தன. 2021 ஜூனில் மரீவால் பள்ளி இருந்த இடத்தில் அடையாளமில்லாத 751 கல்லறைகள் இருப்பதாகக் கவசெஸ் பூர்வகுடி மக்கள் அறிவித்தார்கள். அந்தக் கரையில் நடக்கும்போது வெறும் புவியியல் பேசிக்கொண்டு போக முடிவதில்லை.

ரவுண்ட் ஏரிக்குக் கிழக்கே ஆறு மறுபடி தனியாக நெளிந்து போகிறது. ஓக் மரங்கள் தென்படத் தொடங்கும். கிழக்கே போகப் போக ஈரம் கூடுவதன் அடையாளம் அது. மொத்தம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர் வந்த பிறகு, மனிடோபா எல்லையைத் தாண்டியதும் செயின்ட் லசார் என்ற சின்ன ஊரில் அசினிபோயினில் கலக்கிறது.

உங்கள் கேள்வியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: நூறு மீட்டர் ஆழம், இரண்டு கிலோமீட்டர் அகலம், நானூறு கிலோமீட்டர் நீளம் தோண்டினால் அந்த மண்ணெல்லாம் எங்கே போனது? அசினிபோயினைத் தொடர்ந்து கிழக்கே போனால் மனிடோபாவில் பிராண்டன் நகரைத் தாண்டிக் கார்பெரி என்ற ஊர் வரும். அன்று அகசி என்ற பிரம்மாண்டமான பனியுருகு ஏரியின் கரை அந்தப் பக்கத்தில் இருந்தது. குவாப்பெல், அசினிபோயின் பள்ளங்கள் வழியே வந்த வெள்ளம் ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் இழந்து, சுமந்துவந்த மணலை அங்கே கொட்டியது. ஏரி வடிந்துவிட்டது, கழிமுகம் காய்ந்து நிலமானது. அதன் ஒரு துண்டு ஸ்ப்ரூஸ் உட்ஸ் பூங்காவில் இன்னும் புல் மூடாத மணல்மேடாக இருக்கிறது. மரப்படிகளில் ஏறி மேலே போனால் காற்றில் மணல் நகர்வதைப் பார்க்கலாம். ஒரு பிடி அள்ளினேன். பொடியான, வெளிர் மஞ்சள் மணல், விரலிடுக்கில் நிற்காமல் வழிந்தது.